புதன்கிழமை கூட்டாஞ்சோறு: தனியாகச் சாப்பிடுகிறவர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பது எப்படி

என் வீட்டுக்காரர் 2021இல் இறந்தார். ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள்தான் கவனித்தேன், நான் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அடுக்களையில் நின்றபடியே சட்டியிலிருந்து தயிர்ச்சோற்றை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரிக்குக் காபியும் நாலு பிஸ்கட்டும். எடை பார்த்தால் 6 கிலோ குறைந்திருந்தது. அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் செவிலியராக இருந்தவள் நான். வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் குறைவில்லை. ஒரு ஆளுக்கு என்ன சமைப்பது என்ற எண்ணம்தான் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்கியிருந்தது.

எங்கள் தெரு பாளையங்கோட்டையில் இருக்கிறது. நாற்பது வீடுகளுக்குள்தான். எண்ணிப் பார்த்தேன், 11 வீடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் தனியாகவோ, படுக்கையில் இருக்கும் துணையோடோ இருந்தார்கள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், துபாயில். எல்லா வீட்டிலும் மதியம் ஒரே கதை, நேற்றைய குழம்பும் இன்றைய சோறும். 2022 ஜூனில் ஐந்து பேரோடு என் வீட்டுத் தார்சாவில், அதாவது முன் வராந்தாவில், ஒரு கூட்டாஞ்சோறு ஆக்கினோம். இப்போது புதன்தோறும் 12 முதல் 15 பேர் வருகிறோம். இதைத் தங்கள் தெருவில் எப்படி ஆரம்பிப்பது என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இது மனசு ஆறுதலுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல். நல்ல உறவுகளோடு வாழ்ந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிக்கிறார் என்றும், வருஷத்துக்கு 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு இருக்கிறது என்றும் சொன்னது.

எனக்கு அதைவிட மனதில் நின்றது ரொசெட்டோ என்ற சின்ன ஊரின் கதை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறது. தெற்கு இத்தாலியிலிருந்து கல்குவாரி வேலைக்குப் போனவர்கள் உண்டாக்கிய ஊர். 1960களில் ஸ்டூவர்ட் உல்ஃப் என்ற மருத்துவரும் அவர் குழுவும் போய்ப் பார்த்தபோது, பக்கத்து ஊர்களைவிட அங்கே மாரடைப்பில் இறப்பவர்கள் குறைவாக இருந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் பன்றிக் கொழுப்பில் சமைத்தார்கள், புகையும் பிடித்தார்கள். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, ஒரே மேசையில் சாப்பாடு, சாயங்காலமானால் தெருவில் நடந்து ஆளை ஆள் விசாரிப்பது என்று வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கை மாறினால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்று ஆய்வாளர்கள் அப்போதே சொன்னார்கள். அடுத்த தலைமுறை தனித்தனி வீடு, தனித்தனி வழி என்று போனபோது மாரடைப்பும் மற்ற ஊர்களின் அளவுக்கு ஏறிவிட்டது. சேர்ந்து சாப்பிட்டது மட்டும்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாழ்க்கையின் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

முதலில் கிழமை. இதை லேசாக நினைக்காதீர்கள், பாதிக் காரியம் இங்கேதான் கெடும். எங்கள் தெருவில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மூன்று பேரும் இருக்கிறோம். வெள்ளி மதியம் தொழுகை. ஞாயிறு சர்ச் ஆராதனை, அதோடு வெளியூர்ப் பிள்ளைகள் போன் பண்ணும் நாள். செவ்வாயும் சனியும் சிலருக்கு விரதம். கழித்துக் கழித்து நின்றது புதன். உங்கள் தெருவுக்கு எது ஒத்துவரும் என்று இப்படியே கழித்துப் பாருங்கள். ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்றக் கூடாது. மூன்று பேர்தான் வருவார்கள் என்றாலும் அன்றைக்கு உலை வைத்தாக வேண்டும். வயதானவர்களுக்கு இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோகிற வாழ்க்கையில், புதன் என்று ஒன்று ஊன்றி நிற்பது பெரிய விஷயம். மாதம் ஒருமுறை என்று ஆரம்பித்தால் அது விசேஷமாகிவிடும், பழக்கமாகாது. வாரம் ஒருமுறை வையுங்கள்.

அடுத்து, கூப்பிடுகிற விதம். 'நீங்க தனியா இருக்கீங்களே, வந்து சாப்பிடுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் முதல் வாரம் அப்படித்தான் சொன்னேன், யாரும் வரவில்லை. இல்லாதவர்களுக்குச் சோறு போடுவது போல அது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. மறுவாரம் ஒவ்வொருவரிடமும் ஒரு உதவி கேட்டேன். கோடி வீட்டு ஆச்சியிடம், 'ஆச்சி, உங்க கைப்பக்குவத்துல ஒரு கானத்துவையல் அரைச்சுக் கொண்டாங்க, எனக்கு அது வரல' என்றேன். கானம் என்பது எங்கள் பக்கத்தில் கொள்ளு. ஆச்சி பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதுதான் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது: அங்கே யாரும் விருந்தாளியாக இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு காயோ ஒரு வேலையோ இருக்க வேண்டும். கூட்டாஞ்சோறு என்ற பேரே அதுதானே. சின்ன வயதில் ஒருத்தி வீட்டு அரிசி, இன்னொருத்தி வீட்டுப் பருப்பு, யார் தோட்டத்திலோ பறித்த கத்தரிக்காய் என்று சேர்த்து ஆக்கினோம். கொண்டுவராத பிள்ளைக்குக்கூட சுள்ளி பொறுக்குகிற வேலை உண்டு.

ஆண்களை வரவைப்பதுதான் கஷ்டம். மெத்தை வீட்டு அண்ணாச்சி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மெத்தை என்பது எங்கள் பக்கத்தில் மாடி. மனைவி போன பிறகு வாசல் கதவைத் திறப்பதே பால் வாங்கத்தான். மூன்று தடவை கூப்பிட்டும் 'பார்ப்போம்மா' என்று மட்டும் சொன்னார். நாலாவது தடவை போய், 'அண்ணாச்சி, மார்க்கெட்ல வாழையிலை வாங்கி வர ஆள் இல்லை, பதினஞ்சு நுனி இலை வேணும்' என்றேன். வாங்கி வந்தார். வந்தவர் இலையைத் துடைத்தார், அப்படியே சாப்பிட்டும் போனார். இன்றைக்கு வரை இலை அவர் பொறுப்பு. சமைக்கத் தெரியாத ஆண்களுக்குத் தேங்காய் துருவவும் வெங்காயம் உரிக்கவும் கொடுங்கள். கை வேலையாக இருந்தால்தான் அவர்களுக்குப் பேச்சு வரும்.

பணம் வசூலிக்க வேண்டாம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தால் மெஸ் மாதிரி ஆகிவிடும். கொடுக்க முடியாதவர் சத்தமில்லாமல் நின்றுவிடுவார். பொருளாகக் கொண்டுவரச் சொன்னால் ஒரு பிடி முருங்கைக்கீரையும் பங்குதான். கேஸ் சிலிண்டரை மட்டும் நாலு வீடு முறை வைத்துக் கொள்கிறோம்.

இனி சமையல். கூட்டாஞ்சோறுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. ஒரே பாத்திரத்தில் சோறு, பருப்பு, காய், கீரை எல்லாம் வந்துவிடும். பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். 12 பேருக்கு நான் எடுக்கும் அளவு இது: அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு 400 கிராம், காய்கள் எல்லாம் சேர்த்து 2 கிலோ. கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், சீனியவரைக்காய் என்று எது வந்தாலும் போடலாம், மாங்காய்க் காலத்தில் ஒரு மாங்காய். ஒரு தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், மஞ்சள், பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ள வேண்டும். பருப்பு அரை வேக்காடு வந்ததும் அரிசி, அது கொதித்ததும் காய்கள். புளித்தண்ணீரைக் காய் வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முந்தி ஊற்றிவிட்டால் பருப்பும் காயும் வேகாமல் விறைத்து நிற்கும். அப்புறம் அரைத்த தேங்காய், கடைசியில் இரண்டு பிடி முருங்கைக்கீரை. நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்துக் கொட்டி மூடி வைத்துவிட்டால், பத்து நிமிடத்தில் தெருக்கோடி வரை மணக்கும். பருப்பு அளவில் கை சுருக்காதீர்கள். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு முதலில் குறைவது புரதம்தான். தொட்டுக்கொள்ள ஆச்சியின் துவையல், ஒரு கூழ் வற்றல், மோர்.

அசைவம் வைப்பதில்லை. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட வேண்டும் என்பதற்காக மட்டும்தான்.

அந்த ஒரே பாத்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் நான் உண்மையை எழுதியதாகாது. நம் ஊரில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது சாப்பாட்டு விஷயமாக மட்டும் இருந்ததில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சேரன்மாதேவியில் விடுதலைப் போராட்டக்காரரான வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், 1920களில், பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதை எதிர்த்துப் பெரியாரும் காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். ஒரு பந்தி தமிழ்நாட்டு அரசியலையே அசைத்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1867இல் வள்ளலார் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போட ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, பசியென்று வந்தால் சாதி கேட்பதில்லை. சுதந்திர தினத்தன்று கோயில்களில் சமபந்தி நடப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தெருவில் முதல் மாதத்தில் ஒரு வீட்டார் மட்டும் தனியாக டிபன் கேரியரில் கொண்டுவந்தார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். காரணம் எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். நான் வாதாடவில்லை. ஆனால் நாங்கள் வைத்த முறையை மாற்றவும் இல்லை. காய் எல்லோரும் நறுக்குவோம், ஒரே அகப்பையில் பரிமாறுவோம், வந்த வரிசைப்படி உட்காருவோம், டம்ளர் எல்லாம் பொது. அந்த வீட்டில் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார், இன்னொருவர் ஐந்தாவது வாரம் கேரியர் இல்லாமல் வந்தார். நிறுத்தியவரை நினைத்து எனக்கு வருத்தம்தான். அவருக்காகத் தனி இலை போட்டிருந்தால் மற்ற பத்துப் பேரும் பசியோடு எழுந்திருப்பார்கள். நீங்கள் ஆரம்பிக்கும்போதும் இந்தச் சோதனை வரும். முதல் நாளிலேயே முறையை வைத்துவிடுங்கள், பிறகு வைப்பது கடினம்.

உட்காருவதற்குத் தரைப் பாய் வேண்டாம். முட்டிவலிக்காரர்கள் எழுந்திருக்க முடியாது, அதற்கு வெட்கப்பட்டே வராமல் இருந்துவிடுவார்கள். இரண்டு பெஞ்சும் நீள மேசையும் கடன் வாங்கினோம். காது மந்தமானவரை நடுவில் உட்கார வையுங்கள், ஓரத்தில் உட்கார்ந்தால் பேச்சு அவரைத் தொடாமல் போய்விடும். டிவி கூடாது.

நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பரிமாறும்போது கவனமாக இருங்கள். சேர்ந்து சாப்பிடும்போது மனிதர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். மெலிந்துபோன ஆச்சிக்கு அது மருந்து, சர்க்கரை உள்ளவருக்கு அது ஆபத்து. அதனால் சர்க்கரைக்காரர்களுக்கு முதல் கரண்டியிலேயே காய் கூடுதலாக, சோறு குறைவாகப் போடுகிறோம், இரண்டாம் முறை காய் மட்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்தி ஊற்றுகிற பழக்கம் எங்கள் பந்தியில் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரையும் பருப்பும் எவ்வளவு என்பதை அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரம் சரியாக 12.45. நேரம் தவறக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்து, சோறு வேகக் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். இலை போட்ட பிறகுதான் ஊசி, அது எங்கள் வழக்கம்.

2023இல் ஒரு புதன், கோடி வீட்டு ஆச்சி வரவில்லை. பத்து மணிக்கே வருகிறவர் பன்னிரண்டாகியும் காணோம். அண்ணாச்சியும் நானும் போய்க் கதவைத் தட்டினோம். ஆச்சி பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார், மதியம் கூட்டாஞ்சோறு இருக்கிறதே என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். நினைவு இருந்ததால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். சோறு கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கும் அழைத்துப்போனோம், ஏனென்றால் சில மாத்திரைகளில் சர்க்கரை மறுபடியும் தாழும். நினைவு இல்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே 108. அன்றிலிருந்து புதன் காலையில் எட்டு மணிக்கு ஒருவருக்கொருவர் போன் பண்ணி, 'காலைச் சாப்பாடு ஆச்சா' என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பந்தியில் பரிமாறும்போது என் கண் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. நீங்களும் பாருங்கள். வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, சட்டை தோளில் தொங்குகிறதா? சாப்பிடும்போது புரை ஏறுகிறதா, தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா? போன வாரம் வலது கையால் பிசைந்தவர் இந்த வாரம் சோற்றைச் சிந்துகிறாரா? சொன்னதையே மூன்று தடவை சொல்கிறாரா? இவை எதுவும் நீங்கள் வைத்தியம் பார்ப்பதற்கு இல்லை. அவரை ஓரமாக அழைத்து, 'ஒருதடவை டாக்டரைப் பாத்துருவோமா, நான் கூட வாரேன்' என்று சொல்வதற்கு. பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகச் சாப்பிடுகிறவருக்கு இதையெல்லாம் பார்க்க ஒரு ஆள் கிடையாது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும்.

வர முடியாதவர்கள் இருப்பார்கள். படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், அவரை விட்டு அசைய முடியாத அவர் மனைவி. ஆரம்பத்தில் அவர்களுக்குத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினோம். சட்டி திரும்பி வரும், சோறு பாதி அப்படியே இருக்கும். பிறகு சட்டியோடு ஒரு ஆளும் போய், தன் இலையையும் அங்கேயே போட்டுச் சாப்பிட்டு வருவது என்று மாற்றினோம். முறை வைத்துப் போகிறோம். இப்போது சட்டி காலியாக வருகிறது. அந்த அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் பேச ஆள் கிடைக்கிறது. சோற்றை மட்டும் அனுப்பாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை மறக்க முடியாது. தாமிரபரணி பெருகி ஓடியது, மின்சாரம் இல்லை, போன் இல்லை. யாருக்கு என்ன மாத்திரை தீரப்போகிறது, யார் வீட்டில் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்பதெல்லாம் எங்கள் பந்திக்குத் தெரிந்திருந்தது. ஒரு மண்பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டியில் இன்சுலினை வைத்துத் துணியால் மூடினோம். 20ஆம் தேதி புதன். இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டு எட்டுப் பேர் என் வீட்டு மெத்தையில் உலை வைத்தோம். காய் கிடைக்கவில்லை, வெறும் பருப்புஞ்சோறுதான். வாத்தியார் அண்ணாச்சி இலைக்காக அந்தத் தண்ணீரிலும் வெளியே கிளம்பினார். வேண்டாம் என்று பிடித்து உட்கார வைத்தோம், அன்றைக்குத் தட்டில் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடிந்ததும் மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் பங்கு போட்டுவிடுங்கள், நம் வெயிலில் பருப்புச்சோறு சீக்கிரம் ஊசிப்போகும். பாத்திரத்தை ஒருவர் தலையிலேயே கட்டக் கூடாது, இரண்டு பேராகக் கழுவுங்கள், முறை மாற்றுங்கள். கை கழுவி எல்லோரும் எழுவதற்கு முன்னால், அடுத்த புதனுக்கு யார் என்ன காய் என்பதை ஒரு நோட்டில் எழுதி உரக்கப் படியுங்கள். வரும் வாரத்துக்கு ஆச்சி பேரில் வாழைக்காய் ஆறு என்று எழுதியிருக்கிறேன், அவர் கொல்லையில் தார் முற்றியிருக்கிறதாம்.